வேலைத்தளத்தில் தேசியக் கொடி: மரியாதை எது, விதி எது, உரிமை எது?

பெப்ரவரி 4, இலங்கையின் சுதந்திர தினம், காலை எட்டு மணி. தேயிலைத் தொழிற்சாலை முன்றலில் எல்லோரும் கூடியாகிவிட்டது. பெரிய துரை (தோட்ட முகாமையாளர்) கயிற்றை இழுக்கிறார். பூவோடு சேர்த்துச் சுருட்டிக் கட்டிய கொடி உச்சிக்குப் போய்ப் பொட்டலமாகவே நிற்கிறது. இன்னோர் இழுவை, அவிழவில்லை. மூன்றாம் இழுவையில் அவிழ்ந்தது, ஆனால் சிங்கம் தலைகீழ். வாசல் காவலில் நிற்கும் ஓய்வுபெற்ற படைவீரர் பொறுக்கமாட்டாமல், கூட்டத்தின் முன்னாலேயே "இது கொடிக்கு அவமானம்" என்று சத்தம் போடுகிறார். மறுநாள் அவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம்.

காட்சி கற்பனைதான். ஆனாலும் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ வேலை பார்ப்பவருக்கு இதில் நம்பமுடியாதது ஒன்றும் இருக்காது. கொடி தலைகீழாக ஏறியது மரியாதை சம்பந்தப்பட்ட பிழை. எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டது வேலைத்தள ஒழுங்கு சம்பந்தப்பட்டது. அதற்காக ஒருவரை வேலையை விட்டு நிறுத்தலாமா என்பது சட்டக் கேள்வி. இந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதில்தான் பாதிச் சண்டை பிறக்கிறது. கொடி மரியாதை தெரிந்தவருக்குச் சட்டம் தம் பக்கம் என்ற நினைப்பு. சட்டம் தெரிந்தவருக்கு மரியாதை ஒரு சடங்குதானே என்ற நினைப்பு. இரண்டும் தப்பு.

முதலில் கொடியைச் சரியாகப் பிடிக்கத் தெரிந்துகொள்வோம்

இலங்கையின் தேசியக் கொடி எது என்பதை அரசியலமைப்பின் 6ஆம் உறுப்புரை சொல்கிறது. படம் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. கருஞ்சிவப்புப் பரப்பில் வலது முன்னங்காலில் வாளேந்திய பொன்னிறச் சிங்கம், நான்கு மூலையிலும் அரசிலை, கொடிமரப் பக்கம் பச்சையும் செம்மஞ்சளுமாக இரண்டு நெடும்பட்டைகள், எல்லாவற்றையும் சுற்றி மஞ்சள் கரை. நீளம் அகலத்தைப் போல இரு மடங்கு: 6 அடி நீளமென்றால் 3 அடி அகலம்.

கடையில் வாங்கும்போதே பார்க்க வேண்டியவை உண்டு. மரத்துக்கு அருகில் வருவது பச்சை, அடுத்தது செம்மஞ்சள். இது மாறியிருந்தால் அச்சுப்பிழை. சிங்கம் கொடிமரத்தைப் பார்த்து நிற்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த மலிவுக் கொடியில் பின்பக்கம் வெளிறித் தெரியும். முன்றலில் ஏற்றுவதற்கு அது உதவாது. வாகனத்தில் சொருகும் சிறு பிளாஸ்டிக் கொடிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பெப்ரவரி 5ஆம் திகதி கானுக்குள் கிடப்பவை பெரும்பாலும் அவைதான்.

கம்பத்துக்கும் கொடிக்கும் பொருத்தம் பார்ப்பதற்கு ஓர் எளிய கணக்கு: கொடியின் நீளம் கம்பத்தின் உயரத்தில் காற்பங்கு. 20 அடிக் கம்பத்துக்கு 5 அடிக்கு இரண்டரை அடிக் கொடி. கயிறு கம்பத்தின் உயரத்தைப் போல இரு மடங்கும், முடிச்சுக்கென ஐந்தடியும். ஆக 45 அடி. உச்சியில் கப்பி சுழல்கிறதா என்று ஏற்றும் நாளுக்கு முந்திய வாரமே பாருங்கள். மலைநாட்டு மூடுபனியில் இரும்புக் கப்பி ஆறு மாதத்தில் துருப்பிடித்து இறுகிவிடும்.

பொட்டலம் ஏன் அவிழ்வதில்லை

பூ வைத்துச் சுருட்டி ஏற்றும் வழக்கம் கட்டாயமில்லை. விரித்த கொடியை நேரே ஏற்றுவதுதான் பாதுகாப்பானது, பார்வைக்கும் குறைவில்லை. ஆனாலும் பூ விழும் அந்த ஒரு நொடிக்காகவே எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். ஆகவே முறையைச் சொல்லிவிடுவோம்.

கொடியை மேசைமேல் விரியுங்கள். பச்சைப் பட்டை உங்கள் இடது கையில், வாள்முனை மேலே இருக்கட்டும். இடது விளிம்பின் மேல்மூலைதான் கம்பத்தின் மேல்பக்கம் வரும். அந்த வளையத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி வைத்தால் அடுத்த ஆண்டும் குழப்பம் இல்லை. கப்பியைத் தாண்டி இறங்கி வரும் கயிற்று முனையை மேல்மூலையிலும், மறுமுனையைக் கீழ்மூலையிலும் கட்டுங்கள். நீளவாக்கில் இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடியுங்கள். பிறகு பறக்கும் முனையிலிருந்து மரப்பக்கம் நோக்கிச் சுருட்டுங்கள். கடைசிச் சுற்றுக்கு முன் ஒரு கைப்பிடி இதழ், அவ்வளவுதான். கீழ்க்கயிற்றில் ஒரு மடிப்பெடுத்துச் சுருளை ஒரே ஒரு தரம் சுற்றி, அந்த மடிப்பையே சுற்றுக்கு அடியில் செருகுங்கள். சப்பாத்து நாடா போல, இழுத்தால் உருவிக்கொண்டு வரவேண்டும்.

கெடுவது எங்கே? இரண்டு தரம் சுற்றுவது முதல் தவறு. இழுக்க இழுக்க இறுகும். மேல்கயிறு எது, கீழ்க்கயிறு எது என்று மேலே போனபின் தெரியாமல் நிற்பது அடுத்தது. ஏற்ற இழுப்பது மேல்கயிறு, அவிழ்க்க இழுப்பது கீழ்க்கயிறு. மூன்றாவது நம் ஊருக்கே உரியது. பருத்திக் கயிறு இரவுப் பனியில் ஊறிப் பருத்துவிடும். முந்தின நாள் மாலையில் ஒழுங்காக அவிழ்ந்த முடிச்சு காலையில் கல்லாக நிற்கும். நைலோன் கயிறு ஊறாது, ஆனால் வழுக்கிப் பாதி வழியிலேயே அவிழும். பருத்திக் கயிறென்றால் இரவில் உள்ளே எடுத்து வைத்துவிட்டுக் காலையில் மாட்டுங்கள். பனி ஈரத்திலேயே ஒரு தரம் ஒத்திகை பாருங்கள்.

ஏற்றும்போது விறுவிறுப்பாக, இறக்கும்போது மெதுவாக. காலையில் ஏற்றி அந்தியில், மாலை ஆறு மணியளவில், இறக்குவது வழக்கம். கொடி தரையில் படக்கூடாது. இறக்குபவர் ஒருவர், தாங்கிப் பிடிப்பவர் ஒருவர் என இரண்டு பேர் இருந்தால் படாது. வேறு கொடிகளோடு நிற்கும்போது பார்ப்பவரின் இடப்பக்கம் தேசியக் கொடி. மற்றவை அதைவிட உயரமாகவோ பெரிதாகவோ இருக்கக்கூடாது. ஒரு கம்பத்தில் ஒரு கொடி. வெசாக்கில் பௌத்தக் கொடியையும் தேசியக் கொடியையும் ஒரே கயிற்றில் மேலும் கீழுமாகக் கட்டுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். அது சரியல்ல.

அரைக்கம்பத்தில் பறக்கவிடச் சொன்னால் கொடியை நேரே பாதியில் நிறுத்துவதில்லை. முதலில் உச்சிவரை ஏற்றி, பின் குறைந்தது கொடியின் அகலமளவு இறக்கிக் கட்ட வேண்டும். மாலையில் மறுபடி உச்சிக்கு ஏற்றித்தான் கீழே இறக்க வேண்டும். இது அரசு அறிவிக்கும் துக்கத்துக்கு உரியது. உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின் 2019 ஏப்ரல் 23 அப்படியொரு நாள். தோட்டத்தில் ஒரு தலைவரோ பழைய துரையோ இறந்தால் தேசியக் கொடியைத் தொடாதீர்கள். சங்கக் கொடியையோ கம்பனிக் கொடியையோ இறக்கலாம், வழியெல்லாம் வெள்ளைக்கொடி கட்டலாம். நம் வழக்கத்தில் துக்கம் சொல்ல அது போதும்.

மழை பற்றி ஒரு வார்த்தை. மேற்குச் சரிவில் மே முதல் செப்டெம்பர் வரை நனையாத நாள் குறைவு. நனைந்த கொடியை மடித்து வைத்தால் இரண்டு நாளில் பூஞ்சணம் பிடிக்கும். நிழலில் காயவிடுங்கள். கொழுந்து வாட்டும் தளத்தில் சூடு இருக்கிறதே என்று அங்கே கொண்டுபோய் விரிக்காதீர்கள். தேயிலை எந்த வாசனையையும் உறிஞ்சிக்கொள்ளும், டீமேக்கர் உங்களை மன்னிக்கமாட்டார். ஊவாப் பக்கம் ஓகஸ்ட் காற்று வேறு வகைத் தொல்லை: பறக்கும் முனை நூல்நூலாகப் பிரியும். பிரியத் தொடங்குமுன் அந்த ஓரத்தை இரட்டைத் தையல் போட்டு வையுங்கள். பிரிந்தபின் வெட்டிச் சரிசெய்தால் நீள அகல விகிதம் கெட்டுவிடும். கிழிந்த, வெளிறிய கொடியை ஏற்றக்கூடாது. கயிற்றை நீக்கி, மடித்து, ஒதுக்குப்புறமாக முழுவதும் எரித்துவிடுவது மரியாதையான வழி. ட்ரையர் அடுப்பில் மட்டும் வேண்டாம். பொலியெஸ்டர் உருகினால் நாற்றம் தூளுக்குள் போகும்.

இந்தக் கொடி மலையகத்தில் ஏன் இவ்வளவு பேசுகிறது

சிங்கக் கொடி கண்டி இராச்சியத்தின் கொடி. 1815 மார்ச் 2 ஒப்பந்தம் கண்டியில் கைச்சாத்தானபின் அது இங்கிலாந்துக்குப் போனது. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் அந்தக் கொடியைச் சுதந்திர இலங்கையின் கொடியாக்க வேண்டும் என்று 1948 ஜனவரியில் பாராளுமன்றத்தில் பிரேரித்தவர் மட்டக்களப்பு உறுப்பினர் சின்னலெப்பை. தமிழரையும் முஸ்லிம்களையும் குறிக்கும் செம்மஞ்சள், பச்சைப் பட்டைகள் ஒரு குழுவின் பரிந்துரையால் 1951இல் சேர்ந்தன. அந்தப் பரிந்துரைக்கு உடன்படாமல் நின்றவர் செனட்டர் எஸ். நடேசன். அரசிலைகள் 1972இல் வந்தன.

ஆக, பட்டைகள் இல்லாத சிங்கக் கொடி இன்றைய தேசியக் கொடி அல்ல. 2015இல் கொழும்பில் ஓர் ஆர்ப்பாட்டத்தில் அப்படிப்பட்ட கொடிகள் தூக்கப்பட்டபோது பெரும் சர்ச்சை எழுந்தது. பாதுகாப்பு அறைச் சுவரிலோ கம்பனி லொறியின் கண்ணாடியிலோ அதை ஒட்டிவிட்டு "தேசியக் கொடிதானே" என்று வாதாடுபவருக்கு இரண்டாம் அட்டவணையைக் காட்டினால் போதும்.

இன்னொரு நினைவும் இருக்கிறது. 1948 பெப்ரவரி 4இல் கொடி ஏறியது. அதே ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் ஒரு பகுதியினரை இந்தியாவுக்குக் கப்பலேற்றியது. எஞ்சியோர் கணக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் முடிவுக்கு வந்தது. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் கொடி ஏறும்போது ஒரு மூதாட்டி கொழுந்துக் கூடையோடு வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றால், அவருக்குக் கொடிமேல் பக்தியில்லை என்று முடிவுகட்டும் அவசரம் யாருக்கும் வேண்டாம்.

சத்தமின்றி எழுந்து நிற்பதே மரியாதைக்குப் போதும். கீதத்தைத் தமிழில் பாடலாமா என்ற கேள்வியும் அடிக்கடி எழுகிறது. அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியிலேயே "ஸ்ரீ லங்கா தாயே" இருக்கிறது. 2016 சுதந்திர தின அரச விழாவில் அது பாடப்பட்டது. தோட்டத்து நிகழ்ச்சியில் பாடத் தயங்க வேண்டியதில்லை.

கருத்துரிமை: யாருக்கு எதிராக?

அரசியலமைப்பின் 14(1)(அ) பேச்சுச் சுதந்திரத்தையும் கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரத்தையும் தருகிறது. வெளிப்பாடு என்றால் வாயால் பேசுவது மட்டுமல்ல. 1992இல் நடந்த "ஜன கோஷா" போராட்டத்தில் மக்கள் மேளமடித்தும் மணியடித்தும் எதிர்ப்புக் காட்டினார்கள். அந்தச் சத்தமும் கருத்து வெளிப்பாடே என்று நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் அடுத்த ஆண்டு ஏற்றுக்கொண்டது. அதே தர்க்கத்தில் கொடி பிடிப்பதும் கறுப்புச் சட்டை போடுவதும் பேச்சுத்தான். 2018 ஒக்டோபர் 24இல் ஆயிரம் ரூபாய்ச் சம்பளம் கேட்டு மலையக இளைஞர்கள் காலிமுகத்திடலைக் கறுப்பாக்கியது நினைவிருக்கும்.

ஆனால் அடிப்படை உரிமை மனு போடுவது அரசின் நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு எதிராக. தனியார் முதலாளிக்கு எதிராக அந்தக் கதவு திறக்காது. பலரும் சறுக்கும் இடம் இது. "எனக்குப் பேச்சுரிமை இருக்கு, என்னை எப்படி நிறுத்தலாம்?" என்று கேட்பவர் முதலில் கேட்க வேண்டியது, "என் முதலாளி யார்?"

மலையகத்தில் இதற்கு விடை தோட்டத்துக்குத் தோட்டம் வேறு. 1992க்குப் பின் பெரும்பாலான தோட்டங்களைப் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் நடத்துகின்றன. சிலவற்றை மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் வைத்திருக்கின்றன. அரச நிறுவனத்தின் நடவடிக்கை என்றால் அடிப்படை உரிமை வாதத்துக்கு இடம் இருக்கிறது. ஆனால் ஒரே மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போக வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. கண்டியிலும் பதுளையிலும் அதற்குப் பிராந்திய அலுவலகங்கள் உண்டு.

ஆசிரியர், ஆஸ்பத்திரி ஊழியர், கிராம உத்தியோகத்தர் போன்றோருக்கு உரிமையும் உண்டு, கட்டும் உண்டு. அரச ஊழியருக்கான தாபனக் கோவையின் 47ஆம் அத்தியாயம் நடத்தை பற்றியது. ஊடகங்களுக்குக் கருத்துச் சொல்வதற்கு அதில் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. 2022 செப்டெம்பரில் சமூக ஊடகப் பதிவுகளைப் பற்றியும் ஒரு சுற்றறிக்கை வந்து விவாதமானது.

தனியார் வேலைத்தளத்தில் காப்பு வேறு பக்கத்திலிருந்து வருகிறது. 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின்படி, வேலைநீக்கம் செய்யப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போகலாம். அவர் சார்பில் தொழிற்சங்கமும் மனுக் கொடுக்கலாம். குற்றம் நடந்தது என்று காட்டும் பொறுப்பு நிர்வாகத்தின் தலையில். அங்கே பேச்சுரிமை என்ற தலைப்பில் வாதம் ஓடாது. செய்த தவறுக்கு இந்தத் தண்டனை நியாயமா என்பதே கேள்வி. முதல் காட்சியில் சத்தம்போட்ட காவலாளிக்குத் தகுந்தது ஓர் எச்சரிக்கைக் கடிதமாக இருக்கலாம். முன்பு ஒரு புகாரும் இல்லாதவரை அதற்காகவே வீட்டுக்கு அனுப்பினால் நிர்வாகம் சபையில் வியர்க்க வேண்டியிருக்கும்.

கைப்பேசியில் ஓடும் அமெரிக்க வீடியோக்கள் இந்த விஷயத்தில் குழப்பத்தைக் கூட்டுகின்றன. வண்டியில் கொடி கட்டியதற்காக வேலை போன முன்னாள் சிப்பாய், உடனே "முதலாம் திருத்தம்" என்று ஒரு முழக்கம். அங்கேயும் முதலாம் திருத்தம் கட்டுப்படுத்துவது அரசை. தனியார் முதலாளியை அல்ல. அவர்களுடைய கொடிக் கோவையில் இருப்பவை பெரும்பாலும் "செய்தல் நன்று" வகை அறிவுரைகள். கொடியை எரிப்பதே பாதுகாக்கப்பட்ட வெளிப்பாடு என்று அவர்களின் உச்ச நீதிமன்றம் 1989இல் தீர்த்தது. இந்தியாவிலோ வேறு கதை. தன் தொழிற்சாலையில் கொடியேற்றத் தடுக்கப்பட்ட நவீன் ஜிந்தால் வழக்கு நடத்தினார். மரியாதையோடு கொடியேற்றுவது குடிமகனின் வெளிப்பாட்டுரிமை என்று 2004இல் தீர்ப்பு வந்தது. சன் டிவியில் பார்த்தோம் என்று இதை இங்கே கொண்டுவந்து நீட்டினால் செல்லாது. நம் நீதிமன்றம் படித்துப் பார்க்கலாம், கட்டுப்பட வேண்டியதில்லை.

முன்னாள் படைவீரர்: பதக்கம், ஸ்டிக்கர், சட்டைப்பை

சேவையில் இருக்கும்வரை முப்படையினரின் பேச்சுரிமையைச் சட்டத்தால் மேலும் குறைக்கலாம். 15(8) உறுப்புரை அதற்கு இடம் தருகிறது. ஓய்வு பெற்றபின் அவர் மற்றெல்லோரையும் போல ஒரு குடிமகன். உரிமை அவருக்குக் குறைவுமில்லை, கூடுதலுமில்லை. சேவையில் அறிந்த இரகசியங்களைக் காக்கும் கடமை மட்டும் தொடர்கிறது. "நாட்டுக்காகச் சண்டை போட்டவன், என்னைக் கேள்வி கேட்பதா?" என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. "ஆமியில் இருந்தவர், அடக்கி வைக்க வேண்டும்" என்பதற்கும் இல்லை.

படைவீரர் குறைதீர்ப்பும் சட்டையில் குத்தும் சின்னமும் இந்நாட்டில் பழைய சோடி. 1930களில் நவம்பர் 11இல் விற்ற பொப்பிப் பூப் பணம் பெரும்பாலும் பிரித்தானிய வீரர்களுக்கே போகிறது என்ற மனக்குறையில், இலங்கை முன்னாள் வீரர்களுக்காகத் தொடங்கியதுதான் சூரியமல் இயக்கம். பிறகு அது ஏகாதிபத்திய எதிர்ப்பு அரசியலாக வளர்ந்து, 1934-35 மலேரியா நிவாரணத்திலும் இறங்கியது. சட்டையில் குத்தும் ஒரு பூ எவ்வளவு தூரம் பேசும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

தொழிற்சாலைக்குள் பதக்கம் அணியலாமா என்ற கேள்விக்கு முதல் பதிலை உணவுப் பாதுகாப்புதான் சொல்லும். ரோலர் அறையிலும் சலிக்கும் அறையிலும் ஊசி, பின், பொத்தான், வளையல் எதுவும் விழக்கூடாது. தூளுக்குள் ஒரு பின் போனால் முழு இன்வொய்ஸும் (ஒரே தொகுதியாக விற்பனைக்கு அனுப்பிய தூள்) திரும்பி வரலாம். ஆகவே "வாசலைத் தாண்டினால் குத்தும் சின்னம் எதுவும் கூடாது" என்பது நல்ல விதி. ஆனால் அது எல்லாச் சின்னத்துக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். மே 19 படைவீரர் தினத்தில் ரணவிரு (போர்வீரர்) கொடி பின்னுக்கு அனுமதி, மே மாதமே சங்கச் சின்னத்துக்குத் தடை என்றால் அது பாதுகாப்பு விதி அல்ல, பக்கச்சார்பு. திருப்பிப் போட்டாலும் அதேதான்.

வாசல் காவலில் நிற்பவர் சீருடையில் தம் பதக்க நாடாவை அணியலாமா என்பது காவல் நிறுவனத்தின் சீருடை விதியைப் பொறுத்தது; எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. தாம் பெற்ற பதக்கம் இடது மார்பில். இறந்த வீரரின் பதக்கத்தை மனைவியோ பிள்ளையோ அணியும்போது வலது மார்பில், இது பொதுநலவாய நாடுகளின் வழக்கம். படையினரின் புள்ளிச் சீருடைத் துணியை ஓய்வுபெற்றபின் வேலைக்குப் போட்டுக்கொண்டு வருவது வேண்டாத வம்பு.

எல்லா ஊழியரும் ரணவிரு ஸ்டிக்கர் ஒட்டியே ஆகவேண்டும் என்ற கட்டளை இன்னொரு கோடி. ஒரே லயத்தில் படைவீரரை இழந்த குடும்பமும் வடக்கில் உறவினரை இழந்த குடும்பமும் இருக்கலாம். பேசவிடாமல் தடுப்பது போலவே பேசவைப்பதும் அத்துமீறல்தான். கேரளாவில் தேசிய கீதத்துக்கு எழுந்து நின்று, பாடாமல் இருந்த பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கியது செல்லாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1986இல் சொன்னதை நம் நிர்வாகிகளும் ஒருமுறை வாசிக்கலாம். மறுபக்கம், தடைசெய்யப்பட்ட அமைப்பின் கொடியையோ சின்னத்தையோ வேலைத்தளத்தில் காட்டினால் அது கம்பனி விதியோடு நிற்காது. பயங்கரவாதத் தடைச் சட்டம் வரை போகும். இனத்தை, மதத்தை இழிவுபடுத்தும் ஸ்டிக்கருக்கும் 14ஆம் உறுப்புரை குடை பிடிக்காது. இன, மத இணக்கத்துக்காகப் பேச்சுரிமையைச் சட்டத்தால் கட்டுப்படுத்தலாம் என்று 15(2) சொல்கிறது.

சங்கக் கொடியும் கறுப்புக்கொடியும்

சங்கத்தில் சேர்வது 14(1)(ஈ) தரும் உரிமை. சங்கத்தில் இருந்ததற்காகவே வேலைநீக்குவது 1999ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் நியாயமற்ற தொழில் நடைமுறை. தனியார் கம்பனியையும் இது கட்டும். ஆனாலும் கம்பனிக் கொடிமரத்தில் சங்கக் கொடி ஏற்றும் உரிமை இதற்குள் அடங்காது, மரம் கம்பனியுடையது. சங்க அலுவலக வாசலிலும், மே தின லொறியிலும், வேலைநேரம் முடிந்தபின் ஊர்வலத்திலும் தாராளமாகப் பிடிக்கலாம். கறுப்புக்கொடி கட்டுவது தன்னளவில் குற்றமல்ல. தேசியக் கொடியை இறக்கிவிட்டு அதே கம்பத்தில் கறுப்புக்கொடி ஏற்றினால் மட்டும் சம்பளப் பிரச்சினை மறைந்து கொடிப் பிரச்சினை முன்னுக்கு வந்துவிடும். நிர்வாகத்துக்கு அதைவிட வசதி வேறில்லை. பக்கத்தில் வேறு மூங்கில் நடுங்கள்.

சத்தம் போடுவதற்கு முன் ஒரு கடிதம்

கிழிந்த கொடி பறக்கிறது, தலைகீழாக ஏறிவிட்டது, அந்திக்குப்பின் இறக்குவதே இல்லை. இவற்றைப் பார்த்துக் கொதிப்பவர் படைவீரராக இருந்தாலும் கொழுந்தெடுப்பவராக இருந்தாலும், முதலில் செய்ய வேண்டியது பொறுப்பானவரிடம் தனியாகச் சொல்வது. தலைகீழ்க் கொடி என்றால் உடனே, மெதுவாக, காதோடு: "சேர், கொடி தலைகீழா ஏறிருச்சுங்க, இறக்கிப் போட்டுருவோம்." இறக்கித் திருப்பி ஏற்ற ஒரு நிமிடம் போதும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தொடர்ந்து நடக்கும் பிழை என்றால் எழுத்தில் கொடுங்கள். நீட்டத் தேவையில்லை:

"தொழிற்சாலை முன்றலில் உள்ள தேசியக் கொடியின் ஓரம் ஏறத்தாழ ஓர் அடி கிழிந்துள்ளது. இரண்டு வாரமாக இரவிலும் இறக்கப்படவில்லை. புதிய கொடி மாற்றவும், மாலையில் இறக்க ஒருவரை நியமிக்கவும் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பொறுப்பை ஏற்க நானும் தயார்."

திகதி போடுங்கள். ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியவரிடம் அதில் கையெழுத்து வாங்குங்கள். பதில் இல்லையென்றால் சங்கத் தலைவர் மூலமாகவோ பிரதேச செயலகத்துக்கோ போகலாம். முகநூலில் படம் போடுவது கடைசி. கொடியை மட்டும் எடுத்த படத்துக்கும், தொழிற்சாலை உள்ளே தெரியும்படி எடுத்துத் துரையின் பெயரோடு திட்டி எழுதிய பதிவுக்கும் விசாரணையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அந்த ஒரு பக்கக் கடிதப் பிரதி கையில் இருந்தால், பின்னர் உங்கள்மேல் உள்ளக விசாரணை வந்தாலும், நீங்கள் முறையாகச் சொல்லிப் பார்த்தீர்கள் என்பதற்குச் சாட்சி தேட வேண்டியதில்லை.

விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துவிட்டதா? குறித்த நாளுக்குள் பதில் எழுதுங்கள். நடந்ததை நடந்தபடி, மன்னிப்பும் கோபமும் கலக்காமல். "கொடியை அவமதித்தார்கள்" என்று எழுதாதீர்கள், "கொடி காலை 8.10க்குத் தலைகீழாக ஏறியது, நான் உரத்துச் சொன்னேன்" என்று எழுதுங்கள். வேலைநீக்கக் கடிதம் வந்தால் அதன் திகதியிலிருந்து ஆறு மாதத்தை நாட்காட்டியில் வட்டமிடுங்கள். அரச நிறுவனமென்றால் ஒரு மாதத்தையும்.